கிழக்கு அறையின் தளம் நல்ல நிலையில் இல்லை

அனுப்புநர்:
திருமதி இராசமலர் கதிர்காமநாதன்,
4ஆம் யூனிற், தர்மபுரம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பிரதேச சபை.

விடயம்: எனது வீட்டின் பரிசோதனை அறிக்கையில் 6ஆம் இலக்கத்தைத் திருத்தி, மறுபரிசோதனை செய்யக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. வீடு வாங்குபவர் அறிக்கை பிழை என்று முறையிடுவதுதான் வழமை. நான் விற்பவள். தங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் எனது வீட்டை உள்ளதைவிட நல்லதாக எழுதிவிட்டார் என்பதே எனது முறைப்பாடு. சிரிக்க வேண்டாம் ஐயா. இதை எழுதுவதற்கு மூன்று தாள் கிழித்துவிட்டேன். ஒரு கிழமையாக இருப்புக் கொள்ளவில்லை.

2. வவுனியாவில் இருக்கும் மகள் கௌசலாவுடன் போய் இருப்பதற்காக வீட்டை விற்கிறேன். வாங்குபவர்கள் பளையைச் சேர்ந்த லக்ஷன், யதுர்ஷிகா தம்பதியினர். யதுர்ஷிகா இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. எதிர்வரும் 24ஆம் திகதி நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உறுதியில் கையெழுத்திட இருக்கிறோம்.

3. ஆவணி மாதம் தங்கள் உத்தியோகத்தர் வந்தார். குறை சொல்லக்கூடாது, கொதிக்கிற வெயிலில் ஏணி வைத்து ஏறி உடைந்த ஓடுகளை எண்ணினார். ஏழு என்று எழுதியிருக்கிறார். பிறகு நானும் சதீஸை ஏற்றி எண்ணுவித்தேன். ஒன்பது. சதீஸ் பக்கத்து வளவுக்காரர். ஓட்டில் இரண்டு கூடினால் வீடு விழாது. ஆனால் 6ஆம் இலக்கத்தில் "தளம்: சீமெந்து, வெடிப்பில்லை, நல்ல நிலை" என்று உள்ளது. கிழக்கு அறையில் றெக்சின் விரிப்பும் அதன்மேல் எனது அலுமாரியும் இருந்தன. அவர் நகர்த்தச் சொல்லவில்லை. நான் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

4. அந்த அலுமாரிக்குக் கீழேதான் எங்கள் பதுங்குகுழி இருக்கிறது. 2008இல் எனது கணவர் வெட்டியது. எட்டடி நீளம், ஆளளவு ஆழம், மேலே பனங்குற்றி. மீள்குடியேறியபோது குற்றிகளை எடுக்காமல் மண் போட்டு மூடினோம். கிணற்றுக்கும் வீதிக்கும் விடவேண்டிய தூரத்தை விட்டு அத்திவாரம் வெட்டியபோது கிழக்கு அறை அதன்மேல் வந்துவிட்டது. "மிதிச்சு இறுக்கியாச்சு, ஒண்டும் ஆகாது" என்றார் அவர். குற்றி உக்கும் என்பதை இருவரும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு மாரிக்கும் தளம் கொஞ்சம் இறங்கும். அவர் இரண்டு தடவை சீமெந்து பூசினார். அவர் காலமாகி ஆறு வருடம். போன மார்கழியில் வெடிப்பில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எங்கே போனதென்று தெரியவில்லை.

5. அன்று எனது வாயில் கொழுக்கட்டையா இருந்தது என்று தாங்கள் கேட்கலாம். விற்றுவிட்டுப் போகவேண்டும் என்ற அவசரம் ஒன்று. மற்றது, அந்தக் குழிக்குள் இருந்துதான் நானும் அவரும் ஒன்பது வயதுக் கௌசலாவும் உயிர் தப்பினோம். அதைப் பற்றிக் குறை சொல்ல இத்தனை வருடமாக எனக்கு வாய் வரவில்லை. செய்தது பிழை. வெட்கமாக இருக்கிறது.

6. போன கிழமை யதுர்ஷிகா லக்ஷனுடன் வீடு பார்க்க வந்தா. எல்லா அறையிலும் நின்று பார்த்துவிட்டு, "இந்த அறைதான் நல்லாக் குளிருது அன்ரி, தொட்டிலை இதிலை கட்டுவம்" என்றா. அது ஏன் குளிர்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். சதீஸைக் கூப்பிட்டு அலுமாரியைத் தள்ளி வெடிப்பையும் காட்டினேன். லக்ஷன் நம்பவில்லை. "சீல் அடிச்ச அறிக்கையிலை நல்ல நிலை எண்டு கிடக்குது. வேற ஆரும் கூட விலைக்குக் கேட்டிட்டினமோ அன்ரி?" என்றார். வெடிப்புக்கு இரண்டு பை சீமெந்து போதுமாம். லக்ஷனிலும் பிழையில்லை. நான் வாயால் சொல்வதைவிடத் தங்கள் முத்திரை பெரிது.

7. விற்காமல் விடலாம்தானே என்கிறார் சதீஸ். விடலாம். ஆனால் அந்த அறிக்கை இருக்கும்வரை நாளைக்கு இன்னொருவர் அதை நம்பி வருவார். ஐப்பசி பிறக்கப் போகிறது, மழையும் தொடங்கிவிடும். வானம் இருண்டாலே நான் எழும்பிப் போய் அந்த அறையைப் பார்க்கிறேன்.

8. ஆகவே 24ஆம் திகதிக்கு முன்னர் தங்கள் உத்தியோகத்தரை ஒரு அலவாங்குடன் அனுப்பி, கிழக்கு அறைத் தளத்தை உடைத்துப் பார்க்கச் செய்யுமாறு தயவாய்க் கேட்கிறேன். சேதத்துக்கு நான் பொறுப்பு. உள்ளதை உள்ளபடி எழுதித் தாருங்கள். அதைப் படித்த பிறகும் அவர்களுக்கு வீடு வேண்டுமென்றால் முதலில் குழியைத் தோண்டி நிரப்பித் தருவேன். வேண்டாமென்றால் நான் இங்கேயே இருந்துகொள்வேன்.

அலுமாரியை வெறுமையாக்கிக் குசினிக்குள் வைத்துவிட்டேன். விரிப்பையும் சுருட்டிவிட்டேன். வருபவர் ஒன்றும் கேட்காவிட்டாலும் இம்முறை நானே சொல்வேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
இரா. கதிர்காமநாதன் (ஒப்பம்)

இடம்: தர்மபுரம்
திகதி: 13.10.2025

பிரதி: திரு. லக்ஷன், பளை. (தம்பி, யதுர்ஷிகாவுக்கும் வாசித்துக் காட்டவும்.)