ஞாயித்துக்கிழமை ஓடுன நேரம்

ஏனுங்க,

காலை ஷிஃப்டுக்கு ஃபேக்டரிக்குப் போறேன். இட்லி அடுப்பு மேல இருக்குது. சாவி பக்கத்து ஊட்டுத் தபித்தாள் அக்காகிட்ட.

கதவுல நீங்க ஒட்டியிருந்த வேகக் கணக்கைக் கிழிச்சுட்டேன். அது மூணு வருசம் முந்தி, பத்து கிலோமீட்டரை நாப்பத்தெட்டு நிமிசத்துல ஓடுனப்ப போட்டது. இந்த ஞாயித்துக்கிழமை குன்னூர்ப் போட்டியில அதே பத்து கிலோமீட்டருக்கு அறுபத்தெட்டு நிமிசமாச்சு, முடிச்சதும் மயங்கி விழுந்தீங்க. மெதுவா ஓடலாம்னுதான டாக்டர் சொன்னாரு? ஞாயித்துக்கிழமை நேரத்தை வெச்சுப் புதுசா எழுதியிருக்கறேன். பயிற்சிக்குக் கிலோமீட்டருக்கு எட்டு நிமிசம், அதுக்கு மேல வேகம் வேண்டாமுங்க. நேத்து நான் கத்துனது பயத்துலதான்.

ஜெஸிந்தா

சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நேத்துக் காலைல ஓடப் போன நீங்க வர லேட்டானதும், கேத்தி ரோடு வரைக்கும் செருப்பில்லாம தேடி ஓடி வந்தேன். தூரத்துல நீங்க நடந்து வர்றது தெரிஞ்சதும், உங்க கண்ணுல படாம ஊட்டுக்குத் திரும்பிட்டேன்.