ரிப்பன் கட்டிய பைன்

செப்டம்பர் 28

காட்டில் மர அளவெடுப்பு. மழை. வீட்டில் அம்மா இன்றும் தட்டைத் தள்ளிவைத்தாள். காய்ச்சல் போய் மாதங்கள் ஆகின்றன. வாசனை மட்டும் திரும்பவில்லை. "எல்லாமே ஈரக் காகிதம் மாதிரி இருக்குடி."

அக்டோபர் 3

இன்று பார்த்ததை எழுத வருமா?

ஒரு பைன் மரத்தின் அடியில், வேர் மண்ணுக்குள் இறங்குமிடத்தில், ஒரு காளான். குடை இல்லை. சுருள் சுருளாக, மடிப்புக்குள் மடிப்பாக, வெளிர்மஞ்சளில் — அலை ஒன்று நுரைத்தபடியே நின்றுவிட்டது போல. என் தலையைவிடப் பெரிது. முட்டிபோட்டுவிட்டேன். இத்தனை வருஷப் படிப்பில் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அபூர்வம். தின்னலாம். அதே மரத்தடியில் மறுபடியும் வரும்.

பாதியை அறுத்துக்கொண்டேன். அடையாளத்துக்கு மரத்தில் ஆரஞ்சு ரிப்பன்.

அக்டோபர் 4

ஆய்வகத்தில் காட்டி உறுதி செய்துகொண்டேன். மடிப்பெல்லாம் மணல், கழுவிக் கழுவி விரல் விறைத்தது. வெண்ணெயில் வதக்கினேன். மரம் அறுக்கும் வேலை முடிந்து வந்த அண்ணன் எட்டிப் பார்த்தான். "நீ முதல்ல சாப்பிடு. நாளைக்கு உயிரோட இருந்தா நான் சாப்பிடுறேன்."

அடுத்த அறையிலிருந்து அம்மா வந்தாள்.

"என்னடி அது... வாசனை."

கரண்டி என் கையில் அப்படியே. அண்ணன் தட்டெடுத்து உட்கார்ந்தான்.

அக்டோபர் 5

அம்மாவுக்குக் காப்பி மணக்கவில்லை. அந்தக் காளான் மட்டும்தானா? மறுபடி எப்போது வரும் என்று கேட்கிறாள்.

நவம்பர் 11

அந்தப் பைனை வெட்டிவிட்டார்கள். வெட்டியது அண்ணன்.

ஆய்வில் எங்களுக்கு ஆரஞ்சு என்றால் தொடாதே. மரம் அறுப்பவர்களுக்கு ஆரஞ்சு என்றால் அறு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு — எனக்கு ஏன் தோணல? அவனிடம் கத்திட்டேன்.

"ரிப்பன பார்த்தேன், அறுத்தேன். அதுல உன் பேரா எழுதியிருந்துச்சு?"

பிறகு தணிந்த குரலில்: "அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

நவம்பர் 12

அடிக்கட்டையைப் பார்க்கப் போனேன். நடுவில் பழுப்பு; தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. அந்தக் காளான் வருஷக்கணக்காக உள்ளே தின்றுகொண்டிருந்திருக்கிறது. மரத்தைத் தின்றது. அம்மாவுக்குப் பசி கொடுத்தது. நான் பார்த்தது அதன் ஓரம்தான். மிச்சம் மண்ணுக்குள் எவ்வளவு தூரம்?

அக்டோபர் 9

ஒரு வருஷம் ஓடிவிட்டது. மழை விட்டதும் அம்மா தானும் காட்டுக்கு வருவதாகச் சொன்னாள். அங்கே இப்போது கட்டைதான் இருக்கிறது என்றேன். காதில் வாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள். அண்ணன் குடையோடு பின்னால்.

புதர் இடுப்பளவு வளர்ந்திருந்தது. வழியை நான் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா நின்றாள். முகத்தை உயர்த்தி மூச்சை இழுத்தாள்.

"இங்கதான் எங்கயோ."

கட்டை இன்னும் என் கண்ணில் படவில்லை.