கருங்கல்லுக்குப் பின்னால் நின்றவள்

1998 செப்டம்பர் 7, திங்கள்

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. புது நோட்டு என்றால் ஆட்களை மறுபடி முதலிலிருந்து எழுதிவைப்பது என் வழக்கம்.

நான் சோனா. வயது இருபத்தாறு. பாறசாலை ஜங்ஷனில் மாடிமேல் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. முதலாளி மோகனன் சார், மலையாளி. காலை ஆறரைக்குத் திறந்து பெருக்கி, வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பிய மெயில்களை இறக்கிப் பிரிண்ட் போட வேண்டும். அது அரை மணி நேரத்தில் முடியும். எட்டரைக்குத்தான் டைப்பிங் படிக்க ஆட்கள் வருவார்கள். நடுவில் உள்ள நேரம் என்னுடையது என்று சாரே சொல்லியிருக்கிறார். என்ன செய்கிறேன் என்று கேட்டதில்லை. கேட்டால் ‘சண்டை போடுகிறேன் சார்’ என்று சொல்லலாம் என்று இருக்கிறேன்.

இன்டர்நெட்டில் ஒரு விளையாட்டு அது. படம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். ‘நீ ஒரு குகை வாசலில் நிற்கிறாய்’ என்று வரும். வடக்கே போ என்று தட்டினால் வடக்கே போகலாம். உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் அதே குகையில் நிற்பார்கள். எங்கள் கூட்டம் நான்கு பேர். ஹாஸ்க் தலைவன், கனடாக்காரன். பிம் அம்பு விடுகிறவன். மிர்வா ஹீலர், காயம் ஆற்றுகிற ஆள். நான் டாங்க். அதாவது எதிரி அடிக்கிற அடியெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு நகராமல் முன்னால் நிற்கிற ஆள். என் பெயர் அங்கே கருங்கல். என்னை ஆண் என்று நினைத்திருக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

என் உயிர் நூறிலிருந்து இருபதுக்கு இறங்கும். உடனே எண்பதுக்கு ஏறும். மிர்வா செய்வது அது. எனக்குத் தெரிவது ஏறுகிற எண் மட்டும்தான்.

செப்டம்பர் 8

இன்று முழுக்க ஒருத்தரோடும் பேசவில்லை. பஸ்ஸில் டிக்கெட்டுக்காகக் கண்டக்டரிடம் உதியன்குளங்கரை என்றேன். அது பேச்சில் சேராது.

செப்டம்பர் 14, திங்கள்

மிர்வா போகிறாள். (அவளா அவனா தெரியாது. அவள் என்றே என் மனதுக்குள் வைத்திருக்கிறேன்.) அக்டோபர் முடிவோடு அவளுக்கு இன்டர்நெட் லைன் கிடையாதாம். ஹாஸ்க் ‘வருத்தம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே என் பக்கம் திரும்பினான்.

“கரு, நீ ஹீலராக மாறிவிடு. டெக்ஸாஸில் பிராம் என்று ஒரு டாங்க் தயாராக இருக்கிறான். உன்னைவிட நல்ல கவசம்.”

விளையாட்டில் முப்பதாவது படிக்கு வந்ததும் அங்கே உள்ள கோயில் வாசலில் ஒருமுறை தேர்ந்தெடுக்க வேண்டும். டாங்க் என்றால் கடைசிவரை டாங்க். ஹீலர் என்றால் கடைசிவரை ஹீலர். நான் இருபத்தொன்பதில் இருக்கிறேன்.

டாங்க்காகவே இருக்கிறேன் என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒரு கூட்டத்துக்கு ஒரு டாங்க்தான் என்றான். கோபமாகக்கூட இல்லை. பஸ்ஸில் இடம் இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

இந்த மூன்று பேரைத் தவிர எனக்கு வேறு யார்? கேட்டுக்கொண்டே எட்டு பிரிண்ட் போட்டேன். இரண்டைத் தலைகீழாக.

செப்டம்பர் 20, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் லீலாபாய் அக்கா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். “தங்கபாய், எனக்க மோள் குளோரி மஸ்கட்டில இருந்து லெட்டர் போட்டிருக்கா கேட்டியா. உனக்க மோளும் அந்த நர்சிங் கோர்ஸை முடிச்சிருந்தா இப்பம் ரெண்டுவேரும் ஒண்ணா இருந்திருக்கலாமே.” அம்மா சிரித்தாள். வீடு வந்து சேரும்வரை எனக்கு நான்கடி முன்னாலேயே நடந்தாள். அம்மா பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் பயறும் வைக்கிறவள். முந்நூறு பிள்ளைகளின் சத்தத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு என்னோடு மட்டும் ஊமை.

ஏன் நர்சிங்கை விட்டாய் என்று ஆறு வருஷமாக அவள் கேட்டதில்லை. ‘நோயாளியைத் தொட இவளுக்கு அறப்பு’ என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறாள். எனக்கு அந்த அருவருப்பு கிடையாது. இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் வருஷம். வார்டு டியூட்டி. ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டுகிற ஓர் அக்கா, நாற்பது வயதிருக்கும். பகல் பதினொன்றரைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டே இறந்தாள். புருஷன் பிள்ளைகளைக் கூட்டிவரப் போயிருந்தான். எங்கள் பக்கத்தில் இறந்தவரைத் தனியே விடமாட்டார்கள். அடக்கம்வரை ஒருத்தராவது பக்கத்தில் இருக்க வேண்டும். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. அவன் வரும்வரை, இரண்டு மணி நேரம். அதற்குள் ஒன்பதாம் கட்டிலில் டிரிப் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறிவிட்டது. அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

“செத்தவளுக்கு எதுக்கு நர்ஸ்? உயிரோட கெடக்கியவன் அங்க கெடக்கியான்” என்றார் சிஸ்டர். சரியாகத்தான் சொன்னார். அதனால்தான் விட்டேன். யாரும் அனுப்பவில்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு நானே வந்தேன்.

இப்போது ஹாஸ்க், ஹீலர் ஆகு என்கிறான். நல்ல தமாஷ்.

செப்டம்பர் 23

டாங்க். டாங்க். டாங்க். முடிவு செய்தாயிற்று.

செப்டம்பர் 24

முடிவு செய்யவில்லை. டாங்க் என்று சொன்னால் நவம்பர் முதல் காலையில் ஏழு மணிக்கு நான் யாரிடம் போவது?

அக்டோபர் 5, திங்கள்

கோயிலில் ஒருநாள் மட்டும் ஹீலராக நடந்து பார்க்கலாம் என்று ஒரு வசதி உண்டு. இன்று நடந்து பார்த்தேன்.

பிராம் முன்னால் நின்றான். நானும் மிர்வாவும் பின்னால். இத்தனை நாள் முன்னால் நின்றதில் எதிரியைத் தவிர வேறு ஒன்றும் எனக்குத் தெரிந்ததில்லை. பின்னால் நின்றால் எல்லார் முதுகும் தெரிகிறது. யாருக்கு எவ்வளவு காயம், யார் பயந்து தள்ளி நிற்கிறான், எல்லாம். அவர்கள் ஒருத்தரும் திரும்புவதில்லை. “ஹீல்” என்று ஒரு சொல் வரும். செய்தால் அடுத்த “ஹீல்” வரும். ஒருமுறை பிந்தியபோது பிம் “தூங்குகிறாயா?” என்றான்.

மூன்றாவது மண்டபத்தில் மிர்வாவின் லைன் அறுந்தது. லைன் போனால் ஆள் மறைவதில்லை. அசையாமல் அப்படியே நிற்கும். யாரும் வந்து அடிக்கலாம், கடிக்கலாம். ஹாஸ்க் “விடு, வா” என்று சொல்லிவிட்டு அடுத்த மண்டபத்துக்குப் போனான். மற்றவர்களும் போனார்கள்.

நான் போகவில்லை. இரண்டு ஓநாய் வந்தது. ஹீலரின் கையில் வெறும் தடி. அடித்து விரட்டிவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பக்கம் ஹீல், ஹீல், ஹீல் என்று பன்னிரண்டு முறை வந்தது. பிறகு வரவில்லை. மூன்று பேரும் செத்துவிட்டார்கள்.

அந்த வரியைப் படித்தபோதுதான் உறைத்தது. அதே தப்பு! ஆறு வருஷம் கழித்து, கண்ணால் பார்த்திராத ஓர் ஆளுக்காக, அதே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு வேறு ஒன்றும் தெரியாதாடி?

மோகனன் சார் வந்தார். “எந்து பற்றி மோளே? முகம் வல்லாதெ இரிக்குந்நு.” முகம் ஏன் வாடியிருக்கிறது என்கிறார். தலைவலி என்றேன்.

அக்டோபர் 6

ஹாஸ்க்: “விழுந்தவரை விட்டுவிட்டு நிற்கிறவர்களைப் பார். அதுதான் ஹீலர் வேலை. கற்றுக்கொள்வாய் என்றால் இடம் உண்டு. முப்பதாம் தேதிக்குள் சொல்.”

சிஸ்டருடைய குரல்தான். இவனும் சரியாகத்தான் சொல்கிறான்.

அக்டோபர் 9, வெள்ளி

இன்று மிர்வா மட்டும் இருந்தாள். விளையாட்டில் ஆட்கள் காத்திருக்கிற சத்திரத்தில், தனியாக. மற்றவர்கள் வருவதற்குள் பேச வேண்டும் என்றுதான் வந்தேன் என்றாள்.

“அன்று நாற்பது நிமிஷம் கழித்து லைன் கிடைத்தது. செத்துக் கிடப்பேன் என்று நினைத்துத்தான் உள்ளே வந்தேன். நீ நின்றுகொண்டிருந்தாய்.”

மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்றாள். மூன்று பேரைச் சாகவிட்டேனே என்றேன்.

“அவர்கள் பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டார்கள்” என்று எழுதினாள். பிறகு வந்தது: “இவர்களை இழக்கக் கூடாது என்பதற்காக ஹீலர் ஆகாதே. நான் அப்படித்தான் ஆனேன். இரண்டு வருஷம். நான் எந்த ஊர் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.”

ஒருத்தரும் என்றால் நானும்தான். ஒன்றரை வருஷம் இவள் ஆற்றிய உயிரில் நின்றிருக்கிறேன். ஒரு நன்றி, ஒரு சாப்பிட்டாயா, ஒன்றும் கிடையாது. ஊரில் எவளாவது என்னைப் பார்க்காமல் போனால் நான்கு பக்கம் எழுதுகிறேன், இந்த நோட்டுக்கு வெட்கம் இருந்தால் கிழிந்து போயிருக்கும்.

கேட்டேன். எந்த ஊர், என்ன வேலை. நியூசிலாந்தின் தெற்குத் தீவு. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. மத்தியானத்துக்கு மேல் வேலை ஓய்ந்ததும் வருகிறாள். ஐம்பத்திரண்டு வயது. பெண்தான். நானும் பெண்தான் என்றேன். “தெரியும்” என்றாள். ஒரு மணி நேரம் பேசினோம், ஓர் எதிரியைக்கூட அடிக்காமல். அவள் ஊரில் அப்போது காற்று அடித்துக்கொண்டிருந்தது. இங்கே மழை.

வெளியே வந்தபோது ஆறு பிரிண்ட் பாக்கி. பரவாயில்லை.

அக்டோபர் 11, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆரியங்கோட்டு அக்காவை, ஸ்டூலை, ஒன்பதாம் கட்டிலை, எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்பம் உனக்கு அறப்பு இல்லியா?”

“இல்லை.”

“இத என்னத்துக்கு மக்கா இத்தன வருசம் செல்லாம வச்சிருந்த?”

“நீ கேக்கல்லியே.”

“கேட்டா நீ கரைஞ்சிருவேன்னு பயந்துபோட்டேன்” என்றாள். கரைந்து அழுதது அவள்தான். முந்தானையால் துடைத்துக்கொண்டு, “அந்தப் பொம்பள தனியா கெடக்கல்ல. அது போதும். அந்த ஒம்பதாம் கட்டில்காரனுக்க காரியத்தில நீ செய்தது தப்புதான் ஆக்கும். ரெண்டும் உள்ளதுதான்” என்றாள்.

பிறகு இரண்டு பேரும் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டோம். எனக்குப் பெரிய துண்டு.

அக்டோபர் 30, வெள்ளி

மிர்வாவின் கடைசி நாள். ஹாஸ்க் “நல்லபடியாகப் போய்வா” என்று ஒரு வரி. பிம் அதுகூட இல்லை. அவள் வெளியேறும்வரை பக்கத்தில் நின்றேன். தபால் முகவரி வாங்கிக்கொண்டேன்.

பிறகு, முப்பதாவது படிக்கு வந்துவிட்டதால், கோயில் வாசலுக்குப் போனேன். ஹாஸ்க், பிராம், பிம் மூன்று பேரும் வேடிக்கை பார்த்தார்கள். பயந்து தேர்ந்தெடுத்தால் ஹீலர் ஆவேன். வீம்புக்குத் தேர்ந்தெடுத்தால் டாங்க் ஆவேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வாசலில் நின்றபோது இரண்டும் இல்லை. எனக்குப் பத்துப் பேரைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது. ஒருத்தர் பக்கத்தை விட்டு நகராமல் நிற்கத் தெரியும். அதற்கு டாங்க்காக முன்னால் நிற்பதுதான் சரி.

டாங்க் என்று தட்டினேன்.

“சரி. வாழ்த்துகள்” என்றான் ஹாஸ்க். கூட்டத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதாகத் திரையில் ஒரு வரி வந்தது. அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நவம்பர் 4

சத்திரத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

நவம்பர் 10

அதே.

நவம்பர் 17

மோகனன் சார், “ஈயிடையாய் பிரிண்ட் ஒக்கெ நேரத்தே தீருந்நுண்டல்லோ” என்று, பிரிண்ட் எல்லாம் இப்போது சீக்கிரமே முடிவதைப் பாராட்டினார். சார், வேறு வேலை இல்லை. நியூசிலாந்துக்கு லெட்டர் போட்டு ஒரு வாரம் ஆகிறது. பதில் வர மாதம் ஆகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். தவறு செய்துவிட்டேனா? ஹீல் என்று கூப்பிடவாவது மூன்று பேர் இருந்திருப்பார்கள். அழுகை வந்தது, பிரிண்டர் சத்தத்தில் அழுது முடித்தேன்.

டிசம்பர் 4, வெள்ளி

காலை ஏழு மணி. சத்திரத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். யாரையும் தெரியாது. தலைவன் மாதிரி இருந்தவன் நேரே கேட்டான்: “டாங்க்தானே? எங்கள் டாங்க் வரவில்லை. வருகிறாயா? சீக்கிரம்.”

வருகிறேன் என்றேன். குகை வாசல்வரை போனோம். வடக்கே போ என்று தட்ட வேண்டியதுதான் பாக்கி. தட்டவில்லை. அவர்களுடைய ஹீலர் யார் என்று பார்த்தேன். கடைசியில் நின்ற ஆள். இதுவரை ஒரு வார்த்தை எழுதவில்லை.

“எனக்குப் பின்னால் நிற்கப்போவது நீங்கள். என் பெயர் சோனா. பாறசாலை என்கிற ஊர். நீங்கள் எந்த ஊர்?”

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“என்ன நிற்கிறீர்கள்? போகலாமா வேண்டாமா?” என்றான் தலைவன்.

அப்போது அந்தக் கடைசி ஆள் முதல்முறையாக எழுதியது, தலைவனுக்கு: “பொறு. என்னோடு ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கிறார்.”