ப்ரிஸி வாங்கிய முதல் வில்

என் ஆசை அருளண்ணாவுக்கு,

நீ போன பிறகு உனக்குச் சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது. காசிமேட்டில் வஞ்சிரம் விற்கிற விலை, ராயபுரத்தில் நம் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு மூடாமல் போன கதை, என் முழங்கால் வலி, எல்லாம் அப்புறம் சொல்கிறேன். முதலில் உன் மகள் செய்த காரியத்தைக் கேள். ப்ரிஸி ஒரு வில் வாங்கியிருக்கிறாள். விளையாட்டு வில் இல்லை, மான் அடிக்கிற வில்.

சிரிக்கிறாய்தானே? நானும் முதலில் சிரித்தேன். குடைக்கம்பியை வளைத்து வில் செய்து, ரயில்வே சுவர் ஓரம் ஓணானைக் கூட அடிக்க முடியாமல் நின்ற வம்சம் நம்முடையது. அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னா தம்பி, மானத் தொட்டாலே புடிச்சு உள்ள வெச்சுடுவானே. இவ அத்த அடிச்சுத் துன்னப் போறாளாமே" என்று என்னைத்தான் பிடித்துக்கொண்டார். என்னவோ நான்தான் அவளைக் காட்டுக்கு அனுப்பிய மாதிரி.

நம் ஊரில் உள்ளே வைப்பார்கள். ப்ரிஸி இருக்கிற நியூசிலாந்தில் அப்படி இல்லையாம். அங்கே மான் என்பது எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. பெருகிப் பெருகிக் காட்டில் ஒரு துளிரையும் விடாமல் தின்று தீர்க்கிறது என்று அரசாங்கமே வேட்டைக்கு அனுமதி கொடுக்கிறதாம். அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நர்ஸுகள் வருஷா வருஷம் குடும்பத்தோடு போய் அடித்து, ஃப்ரிட்ஜ் நிறையக் கறி வைத்துக்கொள்கிறார்கள். இவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள். துப்பாக்கிச் சத்தம் இவளுக்கு ஆகாது. அதனால் வில்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ போனபோது அவளால் வர முடியவில்லை. லீவும் கிடைக்கவில்லை, டிக்கெட்டும் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தாள். அழவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசுவதே குறைந்துபோனது. "சாப்ட்டியா?" "சாப்ட்டேன் சித்தப்பா." "வேலை?" "நல்லா கீது." அவ்வளவுதான். நீ இருந்தவரை ஒரு செருப்பு வாங்கினால்கூட உன்னிடம் காட்டிவிட்டு வாங்கின பிள்ளை, எங்களிடம் எதையும் கேட்காதவளாக ஆகிவிட்டாள். அண்ணி வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆனால் பேசி முடித்த பிறகும் அணைந்துபோன போன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு இருப்பார்.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடிந்து வந்து உட்கார்ந்த நேரத்தில் கூப்பிட்டு, "சித்தப்பா, ஒரு வில்லு வாங்கணும். கையில கொஞ்சந்தான் காசு கீது. எது வாங்கலாம், கூட இருந்து பாக்குறியா?" என்றாள். எனக்கு வில்லைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் "பாக்கலாம், காட்டு" என்று சட்டையை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் வில்தான். சாதாரணமாய் வளைந்த மரவில் ஒன்று உண்டு. விலை குறைவு, பார்க்கவும் லட்சணம். ஆனால் இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கொண்டே போகும், இழுத்துப் பிடித்து நிற்க முடியாது. புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கு மானைக் குறி வைக்க அது லாயக்கில்லை என்றாள். இன்னொன்றைக் காட்டினாள். பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. இரண்டு முனையிலும் கப்பி. நாம் பாரம் தூக்குகிற அதே கப்பி, சின்னதாய், வழவழவென்று. பாதி தூரம் வரை முழுக் கனமும் கையில் இருக்கும். அதைத் தாண்டினால் கப்பி புரண்டு கனம் குறைந்துவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு மான் திரும்புகிறவரை காத்திருக்கலாம். நீ இருந்திருந்தால் அந்தக் கப்பியைக் கழற்றிப் பார்க்காமல் அன்றைக்குச் சோறு சாப்பிட்டிருக்க மாட்டாய்.

கப்பி வில்தான் என்று முடிவானது. புதிது வாங்கினால் கை கடிக்கும். வில்லோடு தீர்ந்ததா? அம்பு வேண்டும், குறி பார்க்கிற கம்பி வேண்டும், நாணை விடுவதற்குக் கையில் மாட்டுகிற கொக்கி வேண்டும். எல்லாக் காசையும் வில்லில் கொட்டிவிட்டு அம்புக்குத் தெருவில் நிற்பாயா என்று கேட்டேன். "அப்ப செகண்ட் ஹேண்ட் பாக்கறேன்" என்றாள். பர்மா பஜாரில் நீ ரேடியோ வாங்கின அழகை அவளுக்குச் சொன்னேன். ஆசையே இல்லாதவன் மாதிரி கையில் எடுப்பாய், காதில் வைப்பாய், திருப்பி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவாய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவாய். அவள் அங்கே டீ கூடக் குடிக்காமல் முதல் கடையிலேயே ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். பழைய வில், நல்ல கம்பெனி, விலை சல்லிசு. ஒரே குறை, ரொம்ப முறுக்கானது. ஆஜானுபாகுவான ஆண்கள் இழுக்கிறது.

கடைக்காரம்மா நல்லவர் போலிருக்கிறது. "உனக்கு இது வேண்டாம், இதைவிட இளகினதே மானுக்குத் தாராளம்" என்று சொல்லியிருக்கிறார். ப்ரிஸி என்னைக் கேட்டாள். "அப்பா இன்னா சொல்வாரு சித்தப்பா? தேவையானதுக்கு ரெண்டு பங்கு போடுன்னுதானே?" நான் யோசிக்கவே இல்லை. "அத்தான் சொல்வாரு. வாங்கிடு" என்றேன்.

நீயும் நானும் துறைமுகத்தில் பாரம் கட்டியே வயசைக் கழித்தவர்கள். கிரேன் தூக்குகிற பெட்டிக்கு அடியில் நாம் சுற்றின கயிறுதான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ எனக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஒரு டன்னு தூக்கணும்னா ரெண்டு டன்னு தாங்குற கயிறு போடு. கயிறு சிரிச்சுகினே தூக்கணும்டா, அயுதுகினு தூக்கக் கூடாது." மற்றவர்கள் அந்தக் கணக்கைத் துறைமுக வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நீ வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தாய்.

ப்ரிஸிக்குத் தூளி கட்டினதை மறந்துவிட்டாயா? கப்பல் கயிறு, லாரி இன்ஜின் தூக்குகிற கொக்கி. பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் கொக்கியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "புள்ளையா பெத்துகீறேன், புல்டோசரா?" என்று அண்ணி கேட்டாரே. துணி காயப்போடுகிற கொடியில் ஆள் தொங்கலாம். அவள் பள்ளிக்கூடப் பையின் வாரைச் செருப்புத் தைப்பவரிடம் இரட்டைத் தையல் போட்டு வாங்கி வந்தாய். பை கிழிந்தது, வார் கிழியவே இல்லை. தெருவே உன்னைக் கிண்டல் செய்தது. ஆனால் நீ கட்டின எதுவும் ஒருநாளும் அறுந்ததில்லை அண்ணா. அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அதனால்தான் நான் யோசிக்காமல் வாங்கிடு என்றேன்.

அடுத்த ஞாயிறு அவள் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இழுத்துக் காட்டினாள். வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி, உடம்பையே பின்னால் சாய்த்து, ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இழுத்ததும் கை கிடுகிடுவென்று ஆடியது. இறக்கி வைத்துவிட்டு வலது தோளைத் தேய்த்தாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். குடைந்து கேட்ட பிறகுதான் சொன்னாள். நாலைந்து நாளாய்த் தோள் தூக்க முடியவில்லையாம். வார்டில் ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது கை விட்டுப்போய், நல்ல வேளை, பக்கத்தில் இருந்த நர்ஸ் தாங்கிக்கொண்டாளாம்.

 தோள் போனால் அவள் வேலை போச்சு. தனியாய்க் கிடக்கிற பிள்ளை. "கடையில மாத்திக் குடுப்பாங்களா?" என்று கேட்டேன். இந்த வாரத்துக்குள் கொண்டுபோனால் மாற்றித் தருவார்களாம். "அப்ப நாளைக்கே போ" என்றேன்.

"போ மாட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"பயகினா சரியாப் பூடும். அப்பா சொன்னத நானே போயி தப்புன்னு சொல்லி மாத்திக்கினு வரணுமா? அவரு சொன்னதுன்னு என்கிட்ட இதான் கீது சித்தப்பா."

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அதட்டினேன்கூட. உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது அவளிடம், ஒரு நூல் குறையவில்லை. போனை வைத்துவிடுவாள் போல இருந்தது. இந்த முறை வைத்தால் மறுபடி எதையும் எங்களிடம் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது அண்ணா. இந்த இடத்தில் நீ என்ன சொல்லியிருப்பாய்?

அண்ணி அதுவரை கீரை ஆய்ந்துகொண்டு சும்மா இருந்தார். தலையைத் தூக்காமலே, "உங்க அண்ணன் கயிறு சிரிக்கணும்னு சொல்வாரு. இவ இன்னா சிரிச்சுகினா இழுக்குறா? அயுதுகினு இல்ல இழுக்குறா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் பாரம் கட்டினவனுக்கு அது தெரியாமல் போயிற்றே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"ப்ரிஸி, வெச்சுடாத. ஒண்ணே ஒண்ணு சொல்லு. இதுல கயிறு எது?"

"வில்லுல கட்டிக்கீதே, அதான்."

"பாரம் எது?"

கொஞ்சம் யோசித்தாள். "மானா?"

"மான் எங்கியோ மேஞ்சுகினு கீது, அத்த வுடு. நீ இழுக்குறது எத்த? வில்ல. அப்ப வில்லுதான் பாரம். அத்தத் தாங்குறது எது? உன் தோளு. உன் தோளுதாம்மா கயிறு. கயிறு ரெண்டு பங்கா இருக்கணும்னாரு உங்கப்பா. நாம கயித்த அப்டியே வுட்டுட்டு பாரத்த ரெண்டு பங்கு ஆக்கிட்டோம்."

அவள் வில்லையும் தன் தோளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ… அப்பா சொன்னது தப்பில்ல?" என்று கேட்டாள்.

"தப்பே இல்ல. அவரு பேச்சக் கேக்கணும்னா நீ சிரிச்சுகினே இழுக்குற வில்லுதான் வாங்கணும்."

அவள் முகம் கோணியது. பிறகு அழுதாள். நீ போன அன்றைக்கு அழ வேண்டிய அழுகை எல்லாம் அன்றைக்கு வந்தது. அண்ணி கீரையை அப்படியே போட்டுவிட்டு வந்து போனைக் கையில் வாங்கிக்கொண்டார். "அயு கண்ணு, அயு" என்று மட்டும் சொன்னார். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். நானும் மனுஷன்தானே.

வில்லை மாற்றிவிட்டாள். இப்போது வைத்திருப்பது ஆரம்பக்காரர்களுக்கென்றே செய்தது. பேர் பெற்ற கம்பெனி இல்லை. ஒரு திருகாணியைத் திருகினால் முறுக்கைக் கூட்டிக்கொள்ளலாம், குறைத்துக்கொள்ளலாம். தோள் தேறத் தேறக் கூட்டிக்கொண்டே போகலாம், வேறு வில் வாங்க வேண்டாம். அவள் கை நீளத்துக்கு அளந்து கொடுத்தார்களாம். மிச்சக் காசில் அந்த முறுக்குக்குப் பொருந்துகிற அம்பு, பழகுவதற்கு ஒரு ஸ்பாஞ்சுப் பலகை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கையை நேராய் நீட்டி, பேசிக்கொண்டே இழுத்துக் காட்டினாள். "பாரு சித்தப்பா, சிரிக்கிறேன்" என்றாள்.

போன வாரம் காட்டுக்குப் போனாள். விடியற்காலைப் பனி, ஆண் மான்கள் எதிரெதிர் மலையில் நின்று கத்துகிற பருவமாம். திரும்பி வந்து எங்களைக் கூப்பிட்டாள். ஒரு மான் நல்ல கிட்டத்தில் வந்து நின்றிருக்கிறது. நேருக்கு நேர், மார்பைக் காட்டிக்கொண்டு. பக்கவாட்டில் திரும்பினால் மட்டும்தான் விட வேண்டும், இல்லையென்றால் காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து சாகும் என்று கூடப் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். இவள் சத்தமில்லாமல் இழுத்துப் பிடித்துக் காத்திருந்தாள். மான் திரும்பவே இல்லை. அப்படி இழுத்ததை அம்பு விடாமல் திரும்ப மெதுவாய்த் தளர்த்துவதுதான் கஷ்டமாம். கை வலுவில்லை என்றால் அம்பு பிய்த்துக்கொண்டு போய்விடும்.

"எறக்கிட்டேன் சித்தப்பா, பூ மாரி. அப்ப வாய் தானா சொல்லிச்சு. ஆரியா… ஆரியா…ன்னு. அப்பா கொரல்லயே."

கிரேன்காரருக்கு மெதுவாய் இறக்கச் சொல்லி நாம் கத்துகிற சொல். அதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? துறைமுகத்துக்குள் அவள் காலே வைத்ததில்லை. பிறகு நினைத்துப் பார்த்தேன். திருவிழாவில் தேர் பார்க்க அவளை உன் தோளில் தூக்கி வைத்துக்கொள்வாய். கீழே விடும்போதெல்லாம் "ஆரியா, ஆரியா" என்றுதான் விடுவாய்.

அண்ணா, உன் பெட்டியைக் குழிக்குள் இறக்கினபோது தலைமாட்டுக் கயிறு என் கையில் இருந்தது. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல் வரவில்லை. யாரும் சொல்லாமலே உன்னை இறக்கினோம். அவள் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். டிக்கெட் போட்டுவிட்டாள். அவளைக் கல்லறைக்குக் கூட்டிவருகிறேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் உன் தலைமாட்டில் நின்று, அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்கிறோம். இது சத்தியம்.

உன் கையால் கயிறு பிடிக்கப் பழகிய
தம்பி சேவியர்