எழுத முடியாத பத்தொன்பது பதில்கள்

சித்தூர்,
ஞாயிறு மாலை.

கிறிஸ்துவுக்குள் அன்பான பிளெஸ்ஸி நைனாவுக்கு, உங்கள் கிரேஸ் எழுதுவது. நானும் மகள் பிளெஸ்ஸியும் கர்த்தருடைய தயவால் நன்றாக இருக்கிறோம். குவைத் வெயிலில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறதோ. தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. லீவுக்கு வந்த மாசிலாமணி அண்ணன் வெள்ளிக்கிழமை குவைத்துக்கு விமானம் ஏறுகிறார். அவரிடம் மாங்காய் ஊறுகாய், கருவாடு, உங்கள் தைலம் எல்லாம் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை ரூமில் எல்லாருக்கும் தானம் செய்துவிட்டு வெறும் சோறு சாப்பிடாதீர்கள்.

போன சனிக்கிழமை சபையில் பஸ் வைத்து, திருப்பதியில் நடந்த குடும்பக் கூட்டத்துக்குப் போனோம். ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். அறுபது கேள்வி. பதிலைப் பார்த்து நம் குணத்தைச் சொல்வார்களாம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பவர்கள் அவருக்கும் சேர்த்து எழுதுங்கள் என்று போதகரம்மா என் கையில் இரண்டாவது தாளையும் திணித்தார்.

என் தாளுக்கு வந்த முடிவு என்ன தெரியுமா? சமாதானப் பிரியர்; மனதில் இருப்பதைச் சொல்லாமல் பிறர் விருப்பத்துக்கு விட்டுவிடுவார். எனக்கு வந்ததே கோபம். இவர்களுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் புலம்பினேன். பிளெஸ்ஸி சொல்கிறாள், "கரெக்டாத்தானேம்மா போட்டுக்கீறாங்க? நீ எப்ப வாயத் தொறந்து கேட்டுக்கீற? குண்டானத்தான் டங்குனு வைப்ப." ஒன்பதாவது படிக்கிறவள் வாயைப் பாருங்கள். அப்படியே உங்கள் வாய்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டட்டுமா, மாடி கட்டி முடித்துவிடலாம் என்று போன மாதம் கேட்டீர்கள். உங்கள் இஷ்டம் என்றேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் கிளம்பும்போதும் அதையேதான் சொன்னேன். பிறகு சமையலறையில் நின்று அழுதேன். அது உங்களுக்குத் தெரியாது.

உங்கள் தாளைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் எரிச்சல்படுவாரா? காப்பி குடிக்கும்வரை கிட்டே போக முடியாது என்று எழுதினேன். கோபம் வந்தால் என்ன செய்வார்? பாதிச் சாப்பாட்டில் எழுந்து வண்டி துடைக்கப் போய்விடுவார் என்று எழுதப் போனேன், கை ஓடவில்லை. அது நான்கு வருஷத்துக்கு முன்னால் கிளம்பிப் போன ஆள். இப்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. போனில் "ஆங், சரி, வேற இன்னா சேதி" என்பதோடு முடிந்துவிடுகிறது. யாரிடம் மனம்விட்டுப் பேசுவார்? துக்கம் வந்தால் எப்படித் தேறுவார்? இப்படிப் பத்தொன்பது கேள்விக்கு என்னால் எழுத முடியவில்லை. இவ்வளவு விட்டுப்போனால் குணம் சொல்ல முடியாது என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பதினாறு வருஷம் உங்கள் மனைவியாக இருப்பவளுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

போனில் கேட்டால் மறுபடியும் உங்கள் இஷ்டம் என்றுதான் எனக்கு வாயில் வரும். அதனால் எழுதிவிடுகிறேன். இது என் இஷ்டம். மாதக் கடைசியில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மாடி இல்லாவிட்டால் போகிறது, கீழேயே மூன்று பேருக்கும் இடம் இருக்கிறது. எனக்கு நீங்கள் வேண்டும்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். மற்ற எல்லாவற்றையும் மாசிலாமணி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன், உங்கள் தாளை மட்டும் அனுப்பவில்லை. பீரோவில் இருக்கிறது. வந்து, காப்பி குடித்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து மீதியை எழுதுங்கள்.

உங்கள்
கிரேஸ்