சோபாவுக்குப் பின்னால் ஒரு விமான நிலையம்

எடிசன், நியூ ஜெர்சி,
14-11-1999

அன்புள்ள தாமரைச்செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாப்பிள்ளை, பேத்தி ரோஷினி நால்வரும் நலமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் குளிர் வருவதற்கு முன்பே வந்துவிட்டதாகச் சொல்கிறது. டல்லஸ் பக்கம் பிளானோவில் வேலைக்குப் போயிருக்கிற நீயும் நலமாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன்.

தினமும் தொலைபேசியில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். தொலைபேசி சமையலறையில் இருக்கிறது, அங்கே பேசுவது எல்லோர் காதிலும் விழும், முக்கியமாக ரோஷினி காதில். சென்ற ஞாயிறு நீ கூப்பிட்டுப் பாப்பா எங்கே என்றபோது குளிக்கிறாள் என்றேன். அவள் குளிக்கவில்லை. உன் குரல் கேட்டதும் சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்று வாரமாக அப்படித்தான், உனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாய் என்று ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்லிச் சமாளித்தோம். இரண்டாயிரம் ஆண்டுக் கம்ப்யூட்டர் கோளாறு வேலை முடிந்த பிறகும் மார்ச் வரை இருக்கச் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்ளட்டுமா என்று அன்றைக்கு என்னைக் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஜனவரியில் நாங்கள் கோயமுத்தூர் திரும்பியாக வேண்டும், அதற்குப் பிறகு டேகேர் இருக்கிறது என்கிறார் மாப்பிள்ளை. இந்த விஷயத்தில் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் நடந்ததைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

குழந்தைக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்து குறிப்பெடுத்துப் படித்தேன். சிறு குழந்தைகளைக் கைகளால் அளைய விட வேண்டுமாம், அரிசி, தண்ணீர், மாவு என்று தொட்டியில் வைத்து, கடை, ஆஸ்பத்திரி என்று பாவனை விளையாட்டுக்கு இடம் கொடுக்க வேண்டுமாம். முதலில் அரிசியைக் கொட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏனுங்க, சோத்தக் கொட்டி வெளையாடற வூடா இது? கால்ல மிதிபட்டா ஆருக்குப் பாவம்?" என்றாள். அள்ளிவிட்டேன். ராஜ்மா போடலாமா என்று கேட்டேன். "அது நம்ம சாப்பாடே இல்லீங்க, என்னமோ பண்ணுங்க" என்று அனுமதி கிடைத்தது. இப்படி ஒரு தொட்டி ராஜ்மா. அடுத்து எனக்குத் தெரிந்த வேதியியல். மஞ்சள் தண்ணீரில் சமையல் சோடா போட்டால் சிவக்கும், எலுமிச்சை பிழிந்தால் திரும்பவும் மஞ்சளாகும். கல்லூரியில் இதைச் செய்துகாட்டியபோது எந்த வருஷமும் எவனும் நிமிர்ந்து பார்த்ததில்லை, ரோஷினி முழங்கைவரை விட்டுக் கலக்கி "அகெய்ன் தாத்தா, அகெய்ன்" என்றாள்.

பிறகு உருளைக்கிழங்கை வெட்டி நட்சத்திர முத்திரை செய்தேன், அந்தச் சிவப்புத் தண்ணீர்தான் மை. இங்கே ஓக் ட்ரீ ரோட்டில் இருக்கும் இந்தியக் கடை மாதிரி மளிகைக்கடை ஒன்று அமைத்து, புளி, பருப்பு எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டி வைத்தேன், பில்லில் முத்திரை குத்துவது என்று என் திட்டம். அவள் கடையை ஒரு பார்வை பார்த்தாள். உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போய் ஸ்டூலில் உட்கார்ந்து "நெக்ஸ்ட்!" என்றாள். ஜூலையில் உன்னோடு நாங்கள் வந்து இறங்கியபோது நெவார்க் விமான நிலையத்தில் பாஸ்போர்ட் முத்திரைக்காக நின்ற வரிசை உனக்கு நினைவிருக்கும், உன் இடுப்பில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பெரியவர்கள் தங்கள் பங்கை உண்மையாகச் செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததால் போய் நின்றேன். பாஸ்போர்ட் கேட்டாள். அட்டை ஒன்றை மடித்துக் கொடுத்தேன். "திஸ் இஸ் நாட் ரியல்" என்றாள். அது உண்மைதான், தவிரவும் அந்த மாதிரி இடங்களில் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பெட்டியைத் திறந்து அசல் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். நன்றாக அழுத்திக் குத்தினாள்.

"மூணு வயசுப் புள்ள கேட்டா எடுத்துக் குடுத்துருவீங்களா? முப்பது வருசம் பாடம் சொன்ன மனுசன்!" என்றாள் அம்மா. ஆபீசர் கேட்டார்கள் என்று சொன்னேன், வேறு காரணம் என்னிடம் இல்லை. மாப்பிள்ளை மாலை ரயிலில் வந்ததும் விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வொரி பண்ணாதீங்க மாமா, கான்சுலேட்ல கேட்டு வைக்கிறேன். அதுவரைக்கும் யாருக்கும் காட்டாதீங்க" என்றார். வெயிலில் மஞ்சள் மங்கும் என்பதால் ஜன்னலில் விரித்து வைத்திருக்கிறேன், இந்த ஊர் நவம்பரில் வெயில்தான் வரமாட்டேன் என்கிறது.

அதிலிருந்து தினமும் விமான நிலையம்தான். அம்மா கூட "எனக்கு வீசா வேண்டாஞ் சாமி, அடுப்புல பால் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டிக் குத்திக்கொண்டு போகிறாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி, "ஹவ் லாங் ஆர் யூ ஸ்டேயிங்?" பொம்மை யானை அவள் குரலிலேயே பத்து நாள் என்றது, நான் ஐந்து என்றேன், இருவருக்கும் முத்திரை கிடைத்தது. சென்ற புதன்கிழமை அவளுடைய துணிப் பொம்மைக்கு உன் நீலத் துப்பட்டாவைச் சுற்றி வரிசையில் கடைசியாக நிறுத்தினாள். அது யார் என்று நான் கேட்கவில்லை. அதனிடமும் அதே கேள்வி. பொம்மைக்காக நான் பதில் சொல்லலாமா என்று புத்தகத்தில் இல்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "ஷீ டசன்ட் நோ" என்று எங்களுக்குச் சொல்லி, பொம்மையைத் தூக்கிச் சோபாவின் கைப்பிடி ஓரத்தில் உட்கார வைத்தாள்.

பொம்மை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. கூட்டும்போது ஒருமுறை அலமாரியில் வைத்தேன், திரும்பக் கொண்டுபோய் வைத்து "ஷீ இஸ் வெயிட்டிங், தாத்தா" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் அதற்கு முன்னால் ஒரு தட்டு ராஜ்மா வைக்கிறாள், தூங்கப் போகுமுன் கைத்துண்டால் போர்த்துகிறாள். உன்மேல் கோபமிருந்தால் இதெல்லாம் செய்யமாட்டாள் என்று நினைக்கிறேன், என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம். நீ செப்டம்பரில் கிளம்பும்போது "கொஞ்ச நாள்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாய். கொஞ்சம் என்பது எவ்வளவு என்று அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தின நாள் நீ வருகிறாய். கதவைத் திறந்ததும் ஓடிப்போய் அவளைத் தூக்கிவிடாதே. பெட்டியோடு வரிசையில் நில், உனக்கு முன்னால் நான் நிற்பேன், பார்த்துக்கொள். அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுவராதே, கையை நீட்டினால் போதும், அம்மாவுக்கு அப்படித்தான் நடக்கிறது. எத்தனை நாள் என்று கேட்பாள். நெவார்க்கில் அந்த அதிகாரி அதையே கேட்டபோது எனக்கு நாக்கு எழவில்லை, என் பக்கத்தில் நின்று நீதான் சொன்னாய். இப்போது உனக்காக நான் சொல்ல முடியாது அம்மிணி. மார்ச் வரை வேலையை ஒப்புக்கொள்வதா என்பது நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்ய வேண்டியது, ஆனால் வரிசைக்கு வருமுன் முடிவு செய்துவிடு. நான்கு நாள் என்றால் நான்கு என்று சொல், திரும்ப எப்போது என்பதையும் சொல். சின்ன எண்ணாக இருந்தாலும் குத்துவாள். தெரியாது என்பதற்குத்தான் அவளிடம் முத்திரை இல்லை.

டல்லஸ் குளிர் குறைவுதான் என்று ஸ்வெட்டர் இல்லாமல் வந்துவிடாதே. தலைக்கு எண்ணெய் வை. எல்லா நலமும் பெற்று, எடுத்த காரியம் நல்லபடி முடித்து, சுகமாக வந்து சேர எங்கள் இருவர் ஆசீர்வாதம்.

இப்படிக்கு உன் அன்புள்ள அப்பா,
கிட்டுசாமி

பி.கு. வருகிற வழியில் சமையல் சோடா ஒரு டப்பா வாங்கி வா, தீர்ந்துவிட்டது. நீ வரும்வரை பொம்மையை யாரும் நகர்த்தாமல் பார்த்துக்கொள்கிறேன்.