ஐந்தாவது விரல்

அலெக்ஸாந்திரியா,
வெள்ளிக்கிழமை.

என் மகள் துஹாவின் தகப்பனார் ஷவ்கி அவர்களுக்கு ராவியா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். தோஹாவில் வெயில் தணிந்து உங்களுக்கு நல்ல தூக்கம் வரட்டும்.

உங்கள் அம்மாவின் முழங்கால் கடல் காற்று அடித்தால் மட்டும் வலிக்கிறது. துஹாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சூரியனைப் பார்த்து வீசச் சொன்னேன். அப்பாவிடம் காட்டிவிட்டுத்தான் வீசுவேன் என்று டப்பியில் போட்டு வைத்திருக்கிறாள்.

இனி இக்லால் ஹானிம் விஷயம். போனில் சொன்னால் பாதியிலேயே, அமைதியாக இரு என்பீர்கள். அதனால்தான் அங்கே திரும்பி வரும் மஹ்ரூஸ் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். இதன் குறுக்கே பேச முடியாது.

அவளுடைய தகப்பனார் ஹாஜி பஸ்யூனியை நீங்களும் அறிவீர்கள். மீன் சந்தையில் கடைசிக் கடை. படகில் வலைக்கயிறு சுண்டி இழுத்ததில் வலது கை ஆள்காட்டி விரல் போய்விட்டது. மிச்சமிருந்த நாலு விரலைத் தூக்கிக் காட்டி, "நாலு கிலோவா எடுத்துக்க தாயி, என் கைக்கு அஞ்சு எண்ணத் தெரியாது" என்பார். அந்தக் கை சம்பாதித்ததில்தான் இக்லால் கல்லூரி போனாள், பணக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டாள், ஊரே ஹானிம் என்று அழைக்கும் சீமாட்டியும் ஆனாள்.

அவர் இறந்த வருஷ நினைவு நாளுக்கு அவரை வரைந்து தரக் கேட்டாள். கலாபிய்யா அங்கியோடு, அந்தக் கை மடியில் இருக்க, நான் பார்த்த மனிதரை வரைந்தேன். என் கை வரைந்ததிலேயே நல்ல முகம் அது. அவளோ, "எங்கப்பா தொழிலதிபரும்மா, மீன்காரர் இல்ல. அந்தக் கையப் பாத்தா என் சம்பந்திங்க என்ன நெனப்பாங்க? விரல வச்சிரு" என்றாள். அந்தப் படத்தைத் தொட மனம் வரவில்லை. வேறு துணியில் தொடங்கினேன். அங்கி போய்க் கோட்டு வந்தது. பிறகு டை. பிறகு நிறம் வெளுத்தது, மூக்கு சிறுத்தது. வாரம் ஒரு திருத்தம். வாடிக்கைக்காரர் வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று நீங்கள் சொல்வீர்களே, அதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

ஆறாவது திருத்தம் முடித்துக் கொண்டுபோன அன்று அவள் வீட்டில் விருந்து. தோழிகள் முன்னால், "யாரு இது, பேங்க் மேனேஜரா?" என்று சிரித்தாள். முகம் வரையத் தெரியாதவள் என்று என் இணையப் பக்கத்தில் ஊரறிய எழுதியும் வைத்தாள். கல்யாணப் படம் கேட்டிருந்த இரண்டு வீட்டார் அதைப் படித்துவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஊரில் எனக்கு இருப்பது என் பெயர் ஒன்றுதான்.

அதைவிட ஒன்று இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீங்கள் அவளுக்குக் குரல் செய்தி அனுப்பினீர்கள். "என் பொண்டாட்டி சுபாவம் கொஞ்சம் முரடு ஹானிம், மனசுல வச்சுக்காதீங்க." அதை அவள் முடி அலங்காரக் கடையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அன்றே முடிவு செய்துவிட்டேன். பதிலுக்குத் திட்டவில்லை. பேரீச்சம்பழ பிஸ்கட் தட்டோடு போய், "உங்க சொல்லுதான் எனக்குச் சட்டம், கடைசித் திருத்தத்தையும் சொல்லுங்க ஹானிம்" என்று நின்றேன். புன்னகையைப் பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கினேன். "இப்பத்தான் வழிக்கு வந்திருக்கே" என்றாள்.

நினைவு நாளில், அவள் அம்மா ஃபதிய்யா வீட்டில் ஓதல் முடிந்து, சர்க்கரையில்லாத காபி சுற்றி வந்தது. சந்தைக்காரர்களும் படகுக்காரர்களும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். இக்லால் படத்தை மூடியிருந்த திரையை இழுத்தாள். ஃபதிய்யா கிட்டே வந்து, "யாரு இந்த ஆளு? என் வீட்டுச் சுவத்துல எதுக்கு மாட்டுறீங்க?" என்று கேட்டாள். அப்பாதான் அம்மா என்றாள் இக்லால். ஃபதிய்யா அந்தக் கையை விரல் விரலாகத் தொட்டு ஐந்து வரை எண்ணினாள். "இது அவரு கை இல்ல."

அமைதியாக இரு என்பீர்களே, அந்த உங்கள் மெல்லிய குரலிலேயே நான் சொன்னேன். "மன்னிக்கணும் பெரியம்மா. விரலு ஹானிம் கேட்டு வச்சது. நான் மொதல்ல வரைஞ்சது இது." துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்த முதல் படத்தை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் குனிந்து, விரல் இல்லாத இடத்தில் முத்தமிட்டாள். பின்னாலிருந்து ஒரு படகுக்காரர், நாலு கிலோவா எடுத்துக்க தாயி என்று சொல்லிவிட்டு அழுதார். பிறகு அத்தனை பேரும் இக்லாலைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குத்தான் நான் பிஸ்கட் சுட்டேன். பொய் சொல்ல மாட்டேன், வெயிலில் கரும்புச்சாறு குடித்ததுபோல் இனித்தது. இன்னும் இனிக்கிறது.

மறுநாள் அவளே போன் செய்தாள். அம்மா அந்தப் படத்தை யாரையும் தொட விடுவதில்லையாம். அதேபோல் ஒன்று வேண்டுமாம். "கண்டிப்பா வரைஞ்சு தர்றேன் ஹானிம், எத்தனை விரல் வேணும்னு மட்டும் எழுத்துல குடுத்துருங்க" என்றேன். போனை வைத்துவிட்டாள். என் பக்கத்தில் அவள் எழுதியிருந்ததும் சாயங்காலத்துக்குள் காணாமல் போனது.

உங்கள் போட்டோ வந்து சேர்ந்தது. அம்மாவின் அறையில் மாட்ட வரைந்து தரச் சொல்லியிருக்கிறீர்கள். முடி கறுப்பாக, கன்னம் ஒட்டியது தெரியாமல். துஹாவிடம் காட்டினேன். அப்பா என்று சரியாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் பார்த்தாள். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறதே.

போட்டோ பார்த்து நான் வரைவதாக இல்லை. ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டிருக்கிறேன், வந்து உட்காருங்கள். அதற்கு முன் அந்த முடி அலங்காரக் கடை வாசலில் நின்று, என் மனைவி வரைந்ததுதான் சரி என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். குரல் செய்தி செல்லாது.

இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்கிறீர்கள். உங்கள் பத்து விரல்களையும் அல்லாஹ் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அவற்றை எண்ணிப் பார்க்கக் காத்திருக்கும்,
ராவியா